பத்துக்குப் பதினாலு ஹாலுக்கு ஹோம் தியேட்டர்: எதில் காசைப் போடுவது, எதில் கையை இறுக்குவது

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு, இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நீளும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார், அதனால் மூன்றாவது இப்போது செல்லாது. ஆனால் நான் போய்ப் பார்க்கிற வீட்டு ஹோம் தியேட்டர்களில் பாதிக்கு மேல் இன்றைக்கும் சாமி இல்லாத கோயில்தான். இரண்டு பக்கமும் கோபுரம் மாதிரி டவர் ஸ்பீக்கர், மூலையில் நீல லைட் எரிகிற சப்வூஃபர், பின்சுவரில் இரண்டு குட்டி ஸ்பீக்கர், எல்லாம் இருக்கும். நடுவில் டிவிக்குக் கீழே, கருவறை இருக்கவேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா.

5.1-ல் (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) கலந்த படங்களில் வசனம் கிட்டத்தட்ட முழுக்க அந்த நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். டவர் ஆளுயரம் இருந்தாலும் பேச்சுக்கு உதவாது. எங்கள் வீட்டில் முதலில் இருந்த செட்டில் அம்மா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "இன்னாடா சொல்றான் அவன்?" என்று கேட்பார், நான் சத்தத்தைக் கூட்டுவேன், அடுத்த சீனில் கார் வெடிக்கும், மேல் போர்ஷன்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டுவார். அந்தக் கேள்வி ஒருமுறைகூட வராமல் ஒரு படம் ஓடி முடிகிறதா, அதுதான் என் அளவுகோல். இதற்குமேல் சொல்வதெல்லாம் அந்த ஒரு பரீட்சையில் பாஸாவதற்கான வழிதான்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஹாலின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் 'ட்ரிங்' என்று ஒரு வால் நீண்டால் பிரச்சினை அறையில் இருக்கிறது. மேலே ஆர்சிசி தளம், கீழே டைல்ஸ், நாலு பக்கமும் சிமெண்ட் பூச்சு, உட்காருவதற்கு மரச் சோபா, அதில் பேருக்கு ஒரு மெல்லிசு குஷன், இதுதானே நம் வீடுகள்? சத்தம் சுவருக்குச் சுவர் பந்து மாதிரி அடித்துத் திரும்பும், ஒரு எழுத்தின்மேல் அடுத்த எழுத்து ஏறி உட்காரும். நான் ஒருநாள் சோதனைக்காக பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தையை எடுத்து, முன் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் இடையில் பக்கச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்துவிட்டு, அதே சீனை அதே சத்தத்தில் திரும்பப் போட்டேன். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தவன் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தான். மெத்தையை நிரந்தரமாக அங்கே விட வீட்டில் சம்மதிக்கவில்லை, நியாயம்தான். அதற்குப் பதில் டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்குத் தரை தொடும் தடித்த திரை, பக்கச் சுவரில் சாமான் நிறைந்த ஒரு திறந்த அலமாரி, இது மூன்றும் பாதி வேலையைச் செய்துவிடும். முட்டை அட்டை, தெர்மகோல் ஒட்டுகிற வேலை வேண்டாம். அது தூசியைப் பிடிக்கும், பேச்சுச் சத்தத்துக்கு ஒன்றும் செய்யாது.

சரி, காசு. விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதனால் கணக்கை நூறு ரூபாயில் சொல்கிறேன், உங்கள் கையில் இருப்பதற்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கும் மூன்று ஸ்பீக்கருக்கு 40, ரிசீவருக்கு (படச் சத்தத்தைச் சேனல் சேனலாகப் பிரித்து எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுகிற பெட்டி) 30, சப்வூஃபருக்கு 20, பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் 5, வயர் சில்லறைக்கு 5. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பாதிக் காசை ஆம்பிளிஃபயரில் கொட்டிவிட்டு ஸ்பீக்கருக்கு மிச்சம் மீதியைப் போடுகிறார்கள். ஒரே தடவையில் எல்லாம் வாங்கவும் வேண்டியதில்லை. ரிசீவரும் முன் ஜோடியும் முதலில், அப்புறம் சென்டர், அப்புறம் சப்வூஃபர், போனஸ் வந்தால் பின் ஜோடி. இடைப்பட்ட காலத்தில் ரிசீவர் மெனுவில் சென்டர் 'இல்லை' என்று போட்டுவிட்டால் வசனத்தை அது இடது வலதுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். நடுவில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பார்க்கிற வீடாக இருந்தால் அப்படியேகூட ஓட்டலாம், குரல் நடுவிலிருந்து வருகிற மாதிரியே கேட்கும். குடும்பமே வரிசையாக உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் பக்கத்து ஸ்பீக்கரில் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கேதான் சென்டர் தேவைப்படுகிறது.

முன் மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே சீரிஸ் என்று எடுப்பது நல்லது. நடக்கிறவன் இடமிருந்து வலம் போகும்போது அவன் குரல் நடுவில் மாறக்கூடாது. பத்துக்குப் பதினாலு ஹாலுக்கு டவர் தேவையே இல்லை, ஐந்து அங்குலம் அல்லது ஆறரை அங்குல வூஃபர் (பெரிய கூம்பு) உள்ள, அலமாரியில் வைக்கிற அளவு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதும், அதே காசுக்கு டவரைவிட நல்ல டிரைவர் கிடைக்கும். சென்டரும் குறைந்தது அதே அளவு வூஃபரோடு இருக்கட்டும். இடம் இருந்தால் அதே புக்ஷெல்ஃபில் மூன்றாவது ஒன்றைச் சென்டராக வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி, ஆனால் ஜோடியாகத்தான் விற்பார்கள், நாலாவது உங்கள் பீரோ மேல் உட்கார்ந்திருக்கும். வைக்கும்போது ஒன்று: டிவி ஸ்டாண்டில் தாழ்வாக இருக்கிற சென்டர் உங்கள் முழங்காலுக்குத்தான் வசனம் பேசும். முன்பக்கத்தைத் தூக்கி, ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான குட்டி டிரைவர்) காதைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை இரண்டு குடியாத்தம் தீப்பெட்டிகள் செய்கின்றன.

ஸ்பீக்கர் அட்டையில் வாட்ஸைப் பார்க்கிற கண்ணைக் கொஞ்சம் நகர்த்தி சென்சிட்டிவிட்டி என்கிற வரியைப் பாருங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது அது. 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும், 6 கூடினால் கால் பங்கு. 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தடி தள்ளி உட்கார்ந்தால் ஒன்பது பத்து டெசிபல் குறைந்து 78-க்கு வரும், அதுவே 1 வாட்டில். 10 வாட் கொடுத்தால் 88, பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேசவேண்டிய சத்தம். 50 வாட்டில் 95. இந்த ஹாலுக்கு அதற்குமேல் எதற்கு? இன்னொரு வரி ஓம்ஸ். 6 அல்லது 8 என்றால் சாதாரண ரிசீவர் எதுவும் தாங்கும். பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டில் வந்த குட்டி ஸ்பீக்கர்களைக் கழற்றிப் புது ரிசீவரில் மாட்டுகிற ஆசை பலருக்கு வரும், பின்னால் ஸ்டிக்கரைப் பாருங்கள், பல செட்டுகளில் 3 ஓம்ஸ் என்றிருக்கும். அது ரிசீவரைச் சூடேற்றியே கொன்றுவிடலாம்.

இனி ஆம்பிளிஃபயர். நம் ஊரில் இரண்டு கட்சி: கம்பெனி ரிசீவர், உள்ளூர் மெக்கானிக் பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்து தருகிற அசெம்பிள் செட். இரண்டையும் வைத்திருந்தவன் நான், அதனால் இதில் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அசெம்பிள் செட் கேவலம் என்று நான் சொல்லமாட்டேன். 4440 ஐசி போட்டு அண்ணன் செய்து கொடுத்த செட்டில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் என்ன கேட்டு வாங்குகிறோம் என்று தெரிந்திருக்கணும். என் செட்டைச் செய்தவர் "தம்பி, 3000 வாட்ஸ், 5200, 1943 போட்டிருக்கேன், அசையாது" என்றார். உள்ளே இருந்தது 24-0-24, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். 48-ஐ 5-ஆல் பெருக்கினால் 240. உள்ளே தொடர்ச்சியாக 240-க்கு மேல் வர வழியில்லாத பெட்டி வெளியே எப்படி 3000 தரும்? சூட்டில் போவதைக் கழித்தால் எல்லாச் சேனலும் சேர்ந்து நூற்றைம்பது வந்தாலே பெரிசு. பெட்டியில் எழுதுகிற பிஎம்பிஓ என்கிற ஊதிப்பெருக்கிய எண்ணை மறந்துவிட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) எவ்வளவு, டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஆம்பியர் என்று மட்டும் கேளுங்கள். 5200, 1943 என்பவை அவுட்புட் டிரான்சிஸ்டர் எண்கள், அந்தப் பெயரில் போலிகளும் நிறைய உலாவுகின்றன என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு ராத்திரி படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் 'டப்' என்றது, அப்புறம் ஒரே உம்ம்ம், அப்புறம் கருகின வாடை. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி சப்ளை டிசி நேராக ஸ்பீக்கருக்குள் போய் வாய்ஸ் காயிலை எரித்துவிட்டது. கூம்பை அமுக்கினேன், கல் மாதிரி நின்றது. திறந்து பார்த்தால் ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டே இல்லை, மொத்தச் செலவில் ரொம்பச் சின்ன ஐட்டம் அது.

ஆகவே அசெம்பிள் செய்வதானால் புரொடெக்‌ஷன் போர்டு இருக்கிறதா என்று மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஆன் பண்ணினால் இரண்டு மூன்று நொடி கழித்து ரிலே 'டிக்' என்று கேட்கணும். டிடிஏ 7294 என்கிற ஆம்பிளிஃபயர் ஐசி போட்ட போர்டு என்றால் டிரான்ஸ்ஃபார்மர் 24-0-24-க்கு மேல் வேண்டாம்: 24-ஐ டிசியாக்கினால் பக்கத்துக்கு 34 வோல்ட் கிட்ட வரும், 30-0-30 என்றால் 42, அந்த ஐசியின் வரம்போ 40. மூன்றாவது, இதுதான் பலர் ஏமாறுகிற இடம், டீகோடர். வெறும் '5.1 போர்டு' என்பது இரண்டு சேனலைக் கூட்டிச் சென்டர், கழித்துச் சரவுண்ட் என்று ஒப்பேற்றுவது. டால்பி, டிடிஎஸ் புரிந்துகொள்கிற, ஆப்டிக்கலோ எச்டிஎம்ஐ ஏஆர்சியோ (டிவியின் சத்தம் எச்டிஎம்ஐ வயரிலேயே திரும்பி வருகிற வசதி) உள்ள டீகோடர் போர்டு தனியாகப் போட்டால்தான் வசனம் தனியாக, இடி தனியாகப் பிரியும்.

இவ்வளவையும் போட்டு முடித்தால் விலை ஏறி, பழைய கம்பெனி ரிசீவர் ஒன்றின் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே என் ஓட்டு பழைய ரிசீவருக்கு. ஒவ்வொரு சேனலுக்கும் தூரம், சத்தம், கிராஸ்ஓவர் (எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்குப் போகணும் என்கிற எல்லை) தனித்தனியாக வைக்கலாம், மைக் வைத்துத் தானே அளந்துகொள்ளும், ஷார்ட் ஆனால் தானே அணைந்துவிடும். டெனான், யமஹா, சோனி எதுவானாலும் ஐந்து சேனல் போதும். காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயந்திரம் திரும்பிவிடலாம். எங்கே வாங்கினாலும் சொந்த எச்டிஎம்ஐ கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஒவ்வொரு எச்டிஎம்ஐ ஓட்டையாக மாட்டிப் படமும் சத்தமும் வருகிறதா பாருங்கள், பழைய ரிசீவரில் முதலில் போவது அந்த போர்டுதான். அளக்கிற மைக்கையும் கேட்டு வாங்குங்கள், இன்னொரு கம்பெனி மைக் இதற்கு ஒத்துவராது. டிவியில் ஏஆர்சி இருந்தால் ரிசீவரிலும் ஏஆர்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே வயரில் வேலை முடியும்.

பழைய ஸ்பீக்கரும் வாங்கலாம், தைரியமாக. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால் விரலால் லேசாகத் தொடுங்கள், பொடியாக உதிர்ந்தால் விடுங்கள். ரப்பர், துணி என்றால் பரவாயில்லை. இரண்டு கை விரல்களையும் பரவலாக வைத்துக் கூம்பை மெதுவாக உள்ளே அமுக்கினால் 'கர கர' என்று உரசக்கூடாது. மல்டிமீட்டர் இருந்தால் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 6-ஐ ஒட்டிக் காட்டும், அது சரிதான், பயப்படவேண்டாம்.

சப்வூஃபருக்குச் சொந்த ஆம்பிளிஃபயர் உள்ள 8 அல்லது 10 அங்குலம் போதும். எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்று பாருங்கள், 50-லேயே நின்றுவிட்டால் அது குத்தும், உறுமாது. உறுமி தட்டினால் வயிற்றில் தெரியணும் என்றால் 35 பக்கமாவது போகணும். பெட்டியை எல்லோரும் மூலையில் தள்ளுகிறார்கள், மூலையில் சத்தம் கூடும், கூடவே ஒரே சுருதியில் 'தொம் தொம்' என்று மொத்தைக் குரலும் வரும். ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது: சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காருகிற சோபாவிலேயே வைத்து, பேஸ் நிறைய உள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக மண்டிபோட்டு நகர்ந்துகொண்டே காதைக் கொடுங்கள். எந்த இடத்தில் எல்லா அடியும் ஒரே மாதிரி, தெளிவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பின் ஸ்பீக்கருக்குச் சின்னது போதும். சோபாவுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி, காதுக்கு இரண்டடி மேலே. சோபா பின்சுவரோடு ஒட்டியிருந்தால் பக்கச் சுவர்களிலேயே மாட்டுங்கள், பிடரிக்குப் பின்னால் வேண்டாம். சத்தத்தை மேல்தளத்தில் அடித்துத் திருப்புகிற அட்மாஸ் ஸ்பீக்கர் இந்த பட்ஜெட்டில் வேண்டவே வேண்டாம், ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் எந்த பட்ஜெட்டிலும் வேண்டாம், அதற்கு மட்டமான தளம் தேவை. சவுண்ட்பாரா என்று கேட்பீர்கள். வாடகை வீட்டில் வருஷத்துக்கொருமுறை சாமான் கட்டுகிறவர்களுக்கு அதுவே நல்லது, மற்றவர்களுக்கு இல்லை.

வயருக்கு ஸ்பீக்கர் கடைக்குப் போகாமல் எலக்ட்ரிகல் கடைக்குப் போங்கள். ஒன்றரை ஸ்கொயர் (1.5 சதுர மி.மீ.) வீட்டு வயர், பல இழை, செம்பு. முப்பதடி ஓட்டத்துக்கு அது தாராளம். ஸ்பீக்கர் கேபிள் என்ற பேரில் விற்கிற ஒளிபுகும் வயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியவை. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு சேரணும். ஒன்று மாறினாலும் பேஸும் வசனமும் சோப்பு நுரை மாதிரி கலைந்துபோகும். சுவருக்குள் போன வயரில் குழப்பம் வந்தால், ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, இந்த முனையில் பேனா பேட்டரி ஒன்றை ஒரு நொடி தொட்டு எடுங்கள், பேட்டரியின் பிளஸ் பட்ட வயர் ஸ்பீக்கரின் சிவப்புக்குப் போகிறதென்றால் வூஃபர் வெளியே தள்ளும். உள்ளே இழுத்தால் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

டிவி மெனுவில் சவுண்ட் அவுட்புட் 'பிசிஎம்' என்று கிடந்தால் ஏஆர்சி வழியாக வெறும் ஸ்டீரியோதான் வரும், 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் செட் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். செட்டில் எப்போதும் 'உம்ம்' என்று ஓசை வந்தால் கேபிள் டிவி ஒயரை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால் இன்வெர்ட்டர் சைன்வேவ் வகை இல்லை என்று அர்த்தம்.

மே மாதத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுவது உங்களுக்கே தெரியும். ரிசீவரைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் பூட்டி, மேலே துணி விரித்து, அதன்மேல் கொலு பொம்மை வைத்தால் அது வேகும். மேலே அரையடி காலியாக விடுங்கள், கதவைக் கழற்றிவிடுங்கள்.

கடைசி வேலை அளவெடுப்பது. மைக்கைக் கையில் பிடிக்காமல், சோபாவில் காது உயரத்துக்கு எதன்மேலாவது நிறுத்தி, ஃபேனை அணைத்து, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஓடவிடுங்கள். பத்து நிமிஷம் வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், ஃபேன் காற்று மைக்கில் விழுந்தால் அளவு தப்பாகும். முடிந்ததும் மெனுவுக்குள் போய் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், மூன்றங்குலக் குட்டிகளுக்கு 120-க்கு மேல். சப்வூஃபர் எட்டடியில் இருக்க, மெனு பன்னிரண்டடி என்று காட்டினால் திருத்தாதீர்கள், அதன் உள்ளே ஆகும் தாமதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பிறகு சென்டரை மட்டும் ஒன்றிரண்டு டெசிபல் ஏற்றுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் ரிசீவரில் டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன், சில செட்டில் நைட் மோட், அதைப் போட்டால் வெடிச் சத்தம் அடங்கி வசனம் மேலே வரும். நான் அதைப் போட்டுவிட்டு ஒரு முழுப் படம் ஓட்டினேன். இடைவேளைக்கு அப்புறம் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "இந்தப் பொண்ணு யாரோட பொண்ணு?" அதற்கு செட் பொறுப்பில்லை.